மலையில் கோபுரம், லயத்தில் இருட்டு

கல்முனைக் கடற்கரையில் நின்று ஊர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். பழைய வீட்டுக் கூரைகளில் இன்னும் மிச்சமிருக்கும் அன்டெனாக்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்கும். அவை பார்ப்பது எமது மலைகளைத்தான்.

சென்ற மாதம் நாம் கல்முனைக்குப் போயிருந்தோம். எமது தோட்டங்களிலிருந்து அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி பற்றிப் பேசுவதற்காகப் போன பயணம் அது. வேலை முடிந்த மாலையில் ஒரு பெரியவர் தமது வீட்டுக்கு அழைத்துத் தேநீர் தந்தார். ஒரு காலத்தில் மருதமுனைத் தறியில் நெய்த சாரங்களை மலைக்குக் கொண்டுவந்து, சம்பள நாளில் தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்கள் அவருக்கு அத்துப்படி. மலையில் நாம் அவரை 'நானா' என்போம். அவருடைய ஊரில் எல்லோருக்கும் அவர் 'காக்கா'.

பேச்சு அவருடைய கூரைக்குப் போனது. துருப்பிடித்த கம்பம், உப்புக்காற்றில் பாதிக் குச்சிகள் உதிர்ந்த அன்டெனா. ஏன் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் 2004 டிசெம்பர் 26ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "அண்டைக்குக் காலையில டீவி ஓடிக்கிட்டுத்தான் இருந்த தம்பி. கடல் வருகுது எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. கடல் வந்துதான் சொல்லிச்சு."

அதைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான், நீண்ட நாளாகப் பேசாமல் விட்ட ஒரு விடயத்தை இந்த இதழில் எழுதுவது என்று முடிவு செய்தோம். நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறப்போகிறது. எப்போது மாறும், யாருக்கு எட்டும், பெட்டிக்கு யார் பணம் கொடுப்பது என்பதெல்லாம் கொழும்பில் பேசப்படும் விடயங்களாக இருக்கின்றன. தோட்டத்தில் யாரும் பேசுவதில்லை. சம்பளம், காணி, வீடு என்று எமக்குப் பெரிய போராட்டங்கள் இருக்கும்போது அன்டெனாவைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். எமது கருத்து இதுதான்: மாதக் கட்டணம் இல்லாமல் வானத்தில் வரும் தமிழ் ஒளிபரப்பு மழைக்காலத்தில் உயிர் காக்கும் விடயம். அது லயத்துக்கும் எட்ட வேண்டும், கல்முனைக் கரைக்கும் எட்ட வேண்டும். எட்டும் என்று உறுதி கிடைக்காமல் பழைய ஒளிபரப்பை நிறுத்த விடக்கூடாது.

விளக்கடியில் இருட்டு

நாட்டில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். வழியாக வந்தது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியது. அதன் ஒளிபரப்பியை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீதுருதாலகால மலை. நாட்டின் ஆக உயர்ந்த மலை அது. பின்னர் தனியார் அலைவரிசைகள் வந்தன. நாயபெத்த, ஹுன்னஸ்கிரிய, கொங்கல என்று எமது தோட்டங்களைச் சுற்றியுள்ள மலைகளிலும் கோபுரங்கள் எழுந்தன. 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழுக்கென்று அலைவரிசைகளும் வந்தன.

கோபுரத்தை மலையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரம் போனதும் நிலம் கீழே வளைந்து அலைக்கு எட்டாமல் போய்விடும். கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அதன் 'பார்வை' போகும். பீதுருதாலகால உயரத்திலிருந்து, இடையில் வேறு மலை மறிக்காவிட்டால், 200 கிலோமீற்றர் வரை எட்டலாம். ஆகாய வழியில் கல்முனை அங்கிருந்து ஏறக்குறைய 125 கிலோமீற்றர். கிழக்குக் கரை தட்டையான நிலம். உயரமான கமுகு மரத்தையோ இரும்புக் குழாயையோ நட்டு, உச்சியில் அன்டெனாவைக் கட்டி, மேற்கே திருப்பினால் மலையில் இருந்து வரும் அலையைப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

எமது நிலைமை வேறு. லயங்கள் பெரும்பாலும் மலையின் இடுப்பிலும் பள்ளத்தாக்கிலும் இருக்கின்றன. கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மலைத்தோள் வந்துவிட்டால் போதும். வெயிலில் மரத்துக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல அந்த மலைத்தோளுக்குப் பின்னால் அலைக்கு நிழல் விழும். எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும் அலையும் சேர்ந்தால் ஒரே முகம் இரண்டு முகமாகத் தெரியும். மலை உச்சியில் சிவப்பு விளக்கு எரியும் கோபுரத்தை வாசலில் நின்று பார்க்கலாம், வீட்டுக்குள் படம் தெரியாது என்ற நிலை எத்தனை தோட்டங்களில் இருந்தது! வாசலில் கோபுரம் தெரிந்தும் அடுத்த கோபுரத்தின் அலைவரிசை கிடைக்காத லயங்கள் அதைவிட அதிகம். விளக்கடியில் இருட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தக் காலத்தை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் வராத லயங்களில் கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. தேயிலை மலைக்கு மேலே மேட்டில் கம்பம் நட்டு, அங்கிருந்து லயம் வரை இழுத்து வந்த வயர். ஒருவர் மேலே நின்று கம்பத்தைத் திருப்புவார். இன்னொருவர் நடு மலையில் நின்று கத்துவார். வீட்டுக்குள் இருப்பவர் "வந்திருச்சு, வந்திருச்சு, ஐயோ போயிருச்சு" என்பார். ஒரு பெட்டியைச் சுற்றி லயமே கூடும். திரையில் புள்ளி கொட்டினாலும் தமிழ்ச் செய்தியைக் காதால் கேட்டுவிடுவோம்.

பிறகு டிஷ் வந்தது

இன்று தோட்டத்துக் கூரைகளில் டிஷ் நிற்கிறது. அதற்கும் காரணம் மலைதான். எமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் செய்மதி வானில் நல்ல உயரத்தில் நிற்கிறது. மலை மறிப்பதில்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் லயத்துக்கும் படம் கண்ணாடி போலத் தெரிகிறது. தமிழ்நாட்டு அலைவரிசைகளும் வருகின்றன. மக்கள் அதை விரும்பி வாங்கியதில் தவறே இல்லை. அரசாங்கத்தின் கோபுரம் தராததைக் கடைக்காரர் தந்தார், அவ்வளவுதான்.

ஆனால் அதன் விலை என்ன? 2024 செப்டெம்பரில் எமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அதற்கு எவ்வளவு காலம் போராடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். முழுப்பேர் போடாமல் அரைப்பேர் போடும் கணக்கும் உங்களுக்குத் தெரியும். எமது சம்பளத்தில் இருந்து மாதா மாதம் டிஷ்ஷுக்கு ரீலோட் போகிறது. கையில் காசு இல்லாத மாதம் படமும் இல்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவு, கடைக் கணக்கு, சீட்டு எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தால்தான் ரீலோட். வானத்தில் இலவசமாக வர வேண்டிய அரசாங்க அலைவரிசையின் செய்தியைக்கூட நாம் காசு கொடுத்துத்தான் பார்க்கிறோம்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. அடை மழை பெய்யும்போது டிஷ் என்ன செய்கிறது? படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு நீலத் திரை வருகிறது. செய்மதியில் இருந்து வரும் அலை மிகக் குட்டையானது. அதன் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அந்த அலையைக் குடித்துவிடும். கோபுரத்தில் இருந்து வரும் தொலைக்காட்சி அலை அப்படியல்ல. 500 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையின் நீளம் 60 சென்ரிமீற்றர். மழை அதை ஒன்றும் செய்யாது. எனவே மலையில் மண் சரியக்கூடிய இரவில், எச்சரிக்கை தேவைப்படும் அந்த நேரத்தில்தான், நாம் காசு கொடுத்து வாங்கியது வேலை செய்யாமல் போகிறது. கூரையில் ஒரு சாதாரண அன்டெனாவும், எட்டும் தூரத்தில் ஒரு சிறிய கோபுரமும் இருந்திருந்தால் செய்தி வரும்.

இரண்டு காலைகள்

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. அலை எமது கிழக்குக் கரையை எட்டுவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பூமி நடுங்கியதை உலகத்தின் நிலநடுக்கக் கருவிகள் சில நிமிடங்களில் பதிவு செய்துவிட்டன. ஆனால் இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை முறை எதுவும் அன்று இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று அந்தக் கரை முழுவதும் அழிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிரிழப்பு அங்கேதான். ஒன்றரை மணித்தியாலம் என்பது கரையில் இருந்து வயல்வெளி வரை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போதுமான நேரம்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. கொஸ்லந்தை, மீரியபெத்தை. காலை ஏழரை மணியளவில், பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் மலைக்கும் போகும் நேரத்தில், மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதத்தில் இருந்தது, லயத்துக்கு வரவில்லை. ஊவா மலைகளின் ஒளிபரப்புக் கோபுரங்கள் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை.

2024 டிசெம்பரோடு ஆழிப்பேரலைக்கு 20 ஆண்டு நிறைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மீரியபெத்தைக்கு 10 ஆண்டு நிறைந்தது. கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், மலையில் இருப்பவர்கள் தமிழர்கள் என்று பிரித்துப் பேசுவோர் உண்டு. கடலும் மலையும் வந்த காலையில் அந்தப் பிரிவு இருக்கவில்லை. இரண்டு இடத்திலும் மக்கள் கேட்டிருக்கக்கூடிய மொழி ஒன்றே. அந்த மொழியில் ஒரு வார்த்தையும் நேரத்துக்கு வரவில்லை.

எச்சரிக்கை வந்தால் மக்கள் கேட்பார்களா என்று சிலர் கேட்பதுண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தது. இம்முறை தொலைக்காட்சி, வானொலி, தொலைபேசி எல்லாவற்றிலும் எச்சரிக்கை சொல்லப்பட்டது. கரையோர மக்கள் உடனே எழுந்து உள்ளே போனார்கள். அலை பெரிதாக வரவில்லை. ஆனாலும் நேரத்துக்குச் சொன்னால் மக்கள் நகருவார்கள் என்பது அன்று தெரிந்தது.

டிஜிட்டல் என்றால் என்ன, எமக்கு அதில் என்ன?

இப்போதைய முறையில் ஓர் அலைவரிசைக்கு வானத்தில் ஓர் இடம் தேவை. பாடசாலையில் படித்த பிள்ளைகள் அதை மீடிறன் என்பார்கள். பழைய ரூபவாஹினி வகை அலைவரிசைகள் 200 மெகாஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்திலும், பின்னர் வந்தவை பல 470க்கு மேலும் இருக்கின்றன. டிஜிட்டல் முறையில் முன்பு ஓர் அலைவரிசை பிடித்த இடத்தில் பல அலைவரிசைகளை அடைத்து அனுப்பலாம். மிச்சப்படும் இடத்தை தொலைபேசிக் கம்பனிகளுக்குக் கொடுக்கலாம். அதற்குக் கம்பனிகள் நல்ல விலை கொடுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

இலங்கை முதலில் ஐரோப்பிய முறையைத் தெரிவு செய்திருந்தது. 2014இல் ஜப்பானிய முறைக்கு மாறியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது இதற்காக 1,370 கோடி யென்னுக்கு மேற்பட்ட கடனுக்கு உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த மாதம்தான் மீரியபெத்தை சரிந்தது.

இந்தத் திகதிகளை அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பான் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பழகிய நாடு. அவர்களுடைய டிஜிட்டல் முறைக்குள் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. கோபுரத்தில் இருந்து ஒரு விசேட சமிக்ஞை போனால், அதற்கேற்பச் செய்யப்பட்ட பெட்டி தூக்கத்தில் இருந்தாலும் தானே விழித்து, சத்தம் போட்டு, எச்சரிக்கையைக் காட்டும். எந்தப் பிரதேசத்துக்கு எச்சரிக்கை என்றும் குறித்து அனுப்பலாம். பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு, அம்பாறைக் கரைக்கு கடல் என்று தனித்தனியாக எழுப்பலாம். நாடு கடன் வாங்கித் தெரிவு செய்த முறையில் எமக்கு மிகவும் தேவையான பொருள் இருக்கிறது.

பத்து ஆண்டு கழிந்தும் அந்த முறை வரவில்லை. ஆட்சிகள் மாறின. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது, ஜப்பானியத் திட்டங்களும் நின்றன. கடன் மறுசீரமைப்புக்குப் பிறகு 2024 ஜூலையில் நின்றுபோன திட்டங்களை மீண்டும் தொடங்க ஜப்பான் இணங்கியது. தொலைக்காட்சித் திட்டமும் அவற்றில் ஒன்று. இதற்கிடையில் கொழும்பில் 350 மீற்றர் உயரத்தில் தாமரைக் கோபுரம் எழுந்து, 2022 செப்டெம்பரில் மக்கள் காசு கொடுத்து ஏறிப் பார்க்கும் இடமாகத் திறக்கப்பட்டது. அதில் இருந்து எவ்வளவு நல்ல ஒளிபரப்பு வந்தாலும் அது மஸ்கெலியாவின் பள்ளத்தாக்குக்குள் இறங்காது, பொத்துவிலுக்கும் எட்டாது.

ஒரு ஆபத்தும் இருக்கிறது

டிஜிட்டல் என்றால் எல்லாம் நல்லது என்று எண்ணிவிடக்கூடாது. பழைய முறையில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், குரல் கேட்கும். டிஜிட்டலில் அப்படிப் பாதி கிடைப்பது இல்லை. ஓர் அளவு வரை படம் அழகாக வரும். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே போனால் படம் உறைந்துவிடும், குரலும் நின்றுவிடும். மலை நிழலில் இருக்கும் லயத்துக்கு இதன் பொருள் என்ன? இன்றைக்குப் புள்ளியோடு கிடைப்பதும் நாளைக்கு அடியோடு போகலாம். பெரிய கோபுரங்களை மட்டும் மாற்றிவிட்டு, "நாட்டின் இத்தனை வீதத்தினருக்கு எட்டுகிறது" என்று அறிக்கை எழுதி, பழைய ஒளிபரப்பை நிறுத்தினால், அந்த வீதத்துக்கு வெளியே நிற்பது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. வாக்காளர் இடாப்பில் இருந்து வீட்டுத் திட்டம் வரை எந்த வீதத்துக்கும் வெளியே நின்ற மக்கள் நாம்.

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன என்று பாருங்கள். ஜப்பான் 2011 ஜூலை 24ஆம் திகதி பழைய ஒளிபரப்பை நிறுத்தியது. அதற்கு நான்கு மாதம் முன்னர் ஆழிப்பேரலை தாக்கிய இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும் நிறுத்தவில்லை. 2012 மார்ச் முடியும் வரை காத்திருந்தது. பாதிக்கப்பட்டவனை இருட்டில் விடக்கூடாது என்ற சாதாரண நியாயம் அது. அமெரிக்கா 2009இல் நிறுத்தியபோது, கேட்ட வீடுகளுக்குப் பெட்டி வாங்க 40 டொலர் கூப்பன் இரண்டு கொடுத்தது. பிரேசில் செய்ததுதான் எமக்கு மிகவும் பொருந்தும். ஜப்பானிய முறையின் வழியில் வந்த முறைதான் அங்கேயும். மிச்சப்பட்ட மீடிறன்களை 2014இல் தொலைபேசிக் கம்பனிகளுக்கு ஏலம் விட்டார்கள். வாங்கிய கம்பனிகள்தான் ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டியும் அன்டெனாவும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அரசாங்க உதவி பெறும் குடும்பங்களுக்கு அவை இலவசமாகப் போய்ச் சேர்ந்தன.

அதனால்தான் மிச்சப்படும் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். வானத்தில் இருக்கும் அந்த இடம் பொதுச் சொத்து. அதை விற்று வரும் பணத்தில் லயத்துக்கும் கரையோரக் குடிசைக்கும் ஒரு பங்கு உண்டு.

"கையில் போன் இருக்கிறதே"

இளைஞர்கள் சிரிக்கலாம். யூடியூப்பில் எல்லாம் வருகிறதே, அன்டெனா எதற்கு? நியாயமான கேள்வி. போனுக்கு டேட்டா வேண்டும், டேட்டாவுக்கு மீண்டும் ரீலோட். பல தோட்டங்களில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நிற்பதை கொரோனா காலத்து இணைய வகுப்புகளின்போது நாடே பார்த்தது. அனர்த்த நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைத்தால் தொலைபேசிக் கோபுரம் திணறும். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு வீடு பார்த்தாலும் ஒரு இலட்சம் வீடு பார்த்தாலும் அதற்குச் சுமை ஒன்றே.

புயலில் மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் போய்விடுமே என்றும் கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் தொலைக்காட்சி மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. பெட்டரி வானொலி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். பெரட்டுக்குத் தப்பு அடித்து ஆள் கூட்டிய சமுதாயம் நாம். இரவில் தப்பு அடித்தும் ஆளை எழுப்பலாம். ஆனால் தப்பு அடிப்பவருக்கு முதலில் யார் சொல்வது? மின்சாரம் போவதற்கு முன்னர், மாலையிலேயே, அவருக்குத் தமிழில் செய்தி வந்திருக்க வேண்டும்.

தமிழ் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சிங்களத்தில் வந்த அறிவிப்பு தமிழில் வருவதற்கு மணித்தியாலங்கள் கடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சம்பளப் பட்டியலைத் தமிழில் கேட்டால் நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லலாம். மண்சரிவு நாளை வரை காத்திருக்காது.

நாம் கேட்பது

முதலாவது, டிஜிட்டல் பெட்டியும் அன்டெனாவும் தோட்டக் குடும்பங்களுக்கும் கரையோர வறிய குடும்பங்களுக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும். மிச்சப்படும் மீடிறன்களை விற்கும் பணத்தில் அதற்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, பெரிய கோபுரங்களோடு நிறுத்தாமல் மலை நிழலில் இருக்கும் பள்ளத்தாக்குகளுக்குச் சிறிய துணை ஒளிபரப்பிகள் வைக்க வேண்டும். பெரிய கோபுரத்தின் அலையை மேட்டில் வாங்கிப் பள்ளத்துக்குள் திருப்பி விடும் சிறிய கருவிகள் அவை. மலை நாடுகள் எல்லாம் செய்யும் சாதாரண வேலைதான்.

மூன்றாவது, நாட்டுக்குள் இறக்குமதியாகும் ஒவ்வொரு பெட்டியும் அவசர எச்சரிக்கைக்கு விழித்துக்கொள்ளும் பெட்டியாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கட்டாயப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத மலிவுப் பெட்டிகள் ஏழைகளின் தலையில்தான் கட்டப்படும்.

நான்காவது, எச்சரிக்கை மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் போக வேண்டும்.

ஐந்தாவது, தோட்டம் தோட்டமாக, கரையோர ஊர் ஊராக அளந்து பார்த்து, படம் கிடைக்கிறது என்று உறுதியான பிறகே பழைய ஒளிபரப்பை நிறுத்த வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

பழைய அன்டெனா இருந்தால் எறிந்துவிடாதீர்கள். 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பிடிக்கும் குட்டைக் குச்சி அன்டெனா, டிஜிட்டல் வந்த பிறகும் உதவும். எது எதற்கு என்று குச்சியின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும். அலையின் நீளத்தில் பாதி அளவுக்குத்தான் குச்சி இருக்கும். முக்கால் மீற்றர் நீளமான குச்சிகள் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு, ஓரடி நீளமான குச்சிகள் 500 பக்கத்துக்கு. குட்டைக் குச்சிகள் வரிசையாக இருக்கும் முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். கூரையில் கிடைக்காத அலை பத்து யார் தள்ளி மேட்டில் கிடைக்கலாம். எனவே நட்டு வைக்கும் முன் கையில் பிடித்துக்கொண்டு நாலு இடம் நடந்து பாருங்கள். வயர் நீளமாக நீளமாக அலை தேயும். பூஸ்டர் வைப்பதாக இருந்தால் அன்டெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், டீவிக்குப் பக்கத்தில் வைத்தால் தேய்ந்துபோன அலையைத்தான் பெருக்கும். கரையோரத் தோழர்கள் வயர் பூட்டும் இடத்தை உப்புக்காற்றுப் படாமல் மூடி வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் மேட்டில் இருந்து வரும் வயரை டீவியில் இருந்து கழற்றிவிட மறக்காதீர்கள்.

அடுத்ததாக ஒரு வேலை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகக் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை வீட்டில் டீவி இருக்கிறது, எத்தனை வீட்டில் டிஷ், மாதம் எவ்வளவு ரீலோட், அன்டெனா வைத்தால் எந்தத் தமிழ் அலைவரிசை கிடைக்கிறது, எந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, மழையில் டிஷ் எவ்வளவு நேரம் நிற்கிறது. ஒரு கொப்பித் தாள் போதும். ஓ.எல். படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடும். தலைவர்மார் அதை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதில் நாம் சந்தித்தவர்களும் தங்கள் பக்கத்தில் இதையே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலையின் கணக்கும் கரையின் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து அமைச்சரின் மேசைக்குப் போகட்டும். எம்மிடம் அளந்த கணக்கு இருந்தால் அவர்களுடைய வீதக் கணக்கை நாம் கேள்வி கேட்கலாம்.

புறப்படும்போது காக்கா எம்மை வாசல் வரை வந்து வழியனுப்பினார். கூரையைக் காட்டி, வரும் மழைக்கு முன் அந்த அன்டெனாவுக்குப் புதுக் குச்சி போடப்போவதாகச் சொன்னார். உங்கள் மலையைப் பார்த்துத்தான் வைப்பேன் என்றார். அவருடைய அன்டெனா பார்க்கும் மலையில் இருந்து அவருக்கும் எமக்கும் ஒரே நேரத்தில் ஒரே எச்சரிக்கை வர வேண்டும். அதற்கான முதல் வேலை உங்கள் லயத்துக் கணக்கெடுப்பு. அடுத்த இதழுக்கு முன் முடித்து அனுப்புங்கள், தோழர்களே.